வென்றவர் கல்லும் வீழ்ந்தவர் பெயரும்



வாரம் முழுவதும் வகுப்பும் நூலகமுமாகக் கழித்த மாணவனுக்குச் சனிக்கிழமை விடியற்காலையில் உண்டாகும் ஊக்கத்தைச் சொல்லி முடியாது. பையில் இரண்டு நாளைக்கு வேண்டிய ரொட்டி, சட்டைப் பையில் ரயில் சீட்டு, கையில் ஒரு தேசப்படம். இவ்வளவு இருந்தால் அவன் உலகத்தையே வலம் வந்துவிடுவான். நான் பிரான்சு நாட்டின் தென்பகுதியில், மார்சேல்ஸ் துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எக்ஸ் என்னும் பழைய நகரத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, ஒரு ஜூன் மாதத்தில் அத்தகைய ஊக்கத்தோடு மத்தியதரைக் கடற்கரை வழியே இரண்டு நாள் சுற்றிவந்தேன். மார்சேல்ஸில் தொடங்கிக் கிழக்கே மொனாக்கோவுக்கு மேலே உள்ள மலைமுகடு வரையில் சென்று மீண்டேன். கடலையும் மலையையும் காணவே புறப்பட்டேன். ஆனால் திரும்பி வந்தபோது என் நெஞ்சில் நிறைந்திருந்தவை சில கற்களும் அவற்றில் வெட்டப்பட்ட பெயர்களுமே. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அக்கரையின் கிழக்குப் பகுதியை இன்று உலகம் 'நீலக் கடற்கரை' என்று அழைக்கிறது. அது தொன்றுதொட்டு வழங்கிவரும் பெயர் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஸ்டீபன் லியேகார் என்னும் எழுத்தாளர் 1887-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பே நாளடைவில் அந்நிலத்தின் பெயராயிற்று. அவர் அக்கரையில் பிறந்தவரும் அல்லர். குளிர்காலத்தை இதமாகக் கழிக்க வந்த விருந்தினர் இட்ட பெயரை, அங்கேயே பிறந்து மீன் பிடித்தும் ஒலிவம் பயிரிட்டும் வாழ்ந்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்று தம் ஊருக்குரிய பெயராகச் சொல்லிவருகின்றனர். ஓர் இடத்துக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு வாய்க்கிறது என்னும் கேள்வி, பயணத்தின் தொடக்கத்திலேயே எனக்கு இவ்வாறு எழுந்தது.

மார்சேல்ஸில் நான் முதலில் சென்ற இடம் பழைய துறைமுகம். மூன்று பக்கமும் நகரம் சூழ, நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கிறது. அங்கே காலையில் மீனவர் தம் படகுகளில் கொணர்ந்த மீனைக் கரையிலேயே விற்றுக்கொண்டிருந்தனர். அத்துறையின் தரையில் ஓர் உலோகத் தகடு பதிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ கி.மு. 600-இல், சின்ன ஆசியாவிலிருந்த போக்கேயா என்னும் கிரேக்க நகரத்து மாலுமிகள் இங்கே கரையேறினர் என்றும், அவர்கள் நிறுவிய இந்நகரத்திலிருந்தே மேற்குலகில் நாகரிகம் ஒளி வீசிற்று என்றும் அத்தகடு கூறுகிறது. அத்தகட்டின் மீது நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணி அரியர். நானும் எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் சிந்தித்தேன். கிரேக்கர் வருவதற்கு முன் அவ்விடம் ஆளில்லாத வெறும் கரையாகவா இருந்தது? கிரேக்கர் வழிவந்த பழங்கதையே அதற்கு விடை தருகிறது. கிரேக்கக் கப்பல் வந்த நாளில், அந்நாட்டை ஆண்ட செகோபிரிகர் என்னும் குலத்தின் தலைவன் நன்னஸ் தன் மகளுக்கு மணவிழா நடத்திக்கொண்டிருந்தானாம். விருந்தினருள் தனக்குப் பிடித்தவனிடம் நீர்க்கிண்ணம் கொடுத்து அவனைக் கணவனாகத் தேர்ந்துகொள்வது அவர்கள் மரபு. மகள் ஜிப்திஸ், உள்நாட்டு இளைஞர் அனைவரையும் விடுத்து, புதிதாக வந்த கிரேக்கன் புரோத்திஸிடம் கிண்ணத்தை நீட்டினாளாம். அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த நிலத்தில் நகரம் எழுந்தது என்பது கதை. இது கதையே, இதன் ஒவ்வொரு சொல்லும் நடந்ததென்று கொள்வதற்கில்லை. ஆயினும் இக்கதை தன்னை அறியாமலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. அங்கே முன்பே ஓர் அரசு இருந்தது, சடங்கு இருந்தது, வந்தவரை அமர்த்தி விருந்திடும் பண்பு இருந்தது. அத்தகைய மக்கள் நாகரிகம் அற்றவராக எப்படி இருந்திருக்க முடியும்? காலடியில் கிடந்த தகடு வந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசியது. வரவேற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

துறைமுகத்தின் வடகரையில், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நகர மண்டபத்தைச் சுற்றிலும், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற புதிய கட்டடங்கள் நிற்கின்றன. பழைய நகரத்தின் நடுவே புதிய கட்டடங்கள் ஏன்? இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஜனவரியில், நகரைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியப் படையினர் பிரெஞ்சுக் காவல் துறையினரின் உதவியோடு அப்பகுதியை வளைத்தனர். 20,000-க்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்நாள்களில் நகரில் பிடிபட்டவர்களுள் ஏறத்தாழ 800 யூதர்கள் சோபிபோர் என்னும் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பிப்ரவரியில் அந்தக் குடியிருப்பு முழுவதும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் மண்மேடாயின.

போர் முடிந்தபின் அந்த மண்மேட்டை அகழ்ந்தபோது, அடியில் உரோமர் காலத்துப் பண்டகசாலை ஒன்று வெளிப்பட்டது. தானியமும் திராட்சை மதுவும் சேமித்த பெருந்தாழிகள், ஆளுயரத்துக்கு நெருங்கியவை, புதைந்த இடத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. இன்று அது ஒரு காட்சிச்சாலை. நான் அத்தாழிகளைக் கண்டு வியந்தேன். ஆனால் வியப்போடு ஒரு கூச்சமும் தோன்றிற்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய வணிகனின் தாழி கண்ணாடிக்குப் பின்னே காக்கப்படுகிறது. அத்தாழிக்கு மேலே அடுப்பு மூட்டி வாழ்ந்த மீனவக் குடும்பங்களின் வீடுகளோ அழிந்தன. அவை அழிந்ததனாலேயே தாழி நமக்குக் கிடைத்தது. வரலாற்றுச் சான்று சில வேளைகளில் இத்தகைய விலை கொடுத்தே நம் கைக்கு வருகிறது.

நண்பகலுக்கு முன் ரயில் ஏறினேன். செந்நிறப் பாறைகள் கடலில் இறங்கும் எஸ்தெரல் மலைத்தொடர் தொடங்கும் இடத்தில், சேன் ரபாயேல் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள பிரெஜூஸ் நகருக்குச் சென்றேன். இது ஜூலியஸ் சீசர் பெயரால் அமைந்த உரோம நகரம். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோனியும் கிளியோபாத்ராவும் தோற்றபின், கைப்பற்றிய கப்பல்களை அகஸ்தஸ் இத்துறைக்கே அனுப்பிவைத்தான் என்று வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதியிருக்கிறார். இன்று அந்தத் துறை தூர்ந்து நிலமாகிவிட்டது. அரங்கமும், நீர் கொணர்ந்த கால்வாயின் தூண்களும் சிதைந்து நிற்கின்றன.

ஆனால் பிரெஜூஸில் என்னைக் கட்டி நிறுத்தியவை உரோமச் சிதைவுகள் அல்ல. நகரத்தின் ஓரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, செம்மண் நிறத்தில் ஒரு மசூதி நிற்கிறது. அதன் வடிவம் ஐரோப்பாவுக்கு உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய மாலி நாட்டில் உள்ள ஜென்னே நகரத்துப் பெரிய மசூதியைப் பார்த்து அமைத்தது. நகரின் மற்றொரு பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் உள்ளது. அதனை 1917-இல் கட்டியவர்கள் இந்தோசீனத்திலிருந்து வந்த படையினர். மசூதியை 1930-இல் எழுப்பியவர்கள் ஆப்பிரிக்கப் படையினர். அவர்கள் இங்கே ஏன் வந்தனர்? முதல் உலகப் போரில் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேரைப் படைக்குச் சேர்த்தது. வடக்கே போர்க்களத்துக் குளிரை அவர்களால் தாங்க இயலாததால், குளிர்காலத்தில் அவர்களைப் பின்வாங்கி, இதமான இக்கரையில் பாசறை அமைத்துத் தங்கவைத்தனர். செல்வர் உல்லாசத்துக்காக வந்து குளிர்காலம் கழித்த அதே கரைதான் அது! போர் ஓய்ந்த பின்னும் பாசறைகள் நீங்கவில்லை.

அப்படையினர் அனைவரையும் 'செனகல் வீரர்' என்றே பிரெஞ்சுக்காரர் அழைத்தனர். உண்மையில் அவர்கள் செனகல் நாட்டினர் மட்டுமல்லர். மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து, பல மொழி பேசும் குலங்களிலிருந்து வந்தவர்கள். சேர்த்தவர்களுக்கு எளிதாக இருக்கும்பொருட்டு எல்லோருக்கும் ஒரே பெயர் இடப்பட்டது. ஜென்னே மசூதியின் சாயலோ, அப்பெயருக்குள் அடங்காத வேறொரு நாட்டை நினைவூட்டிக்கொண்டு பைன் மரங்களிடையே நிற்கிறது.

நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் தம் பேரக் குழந்தையோடு அங்கே வந்தார். ஆப்பிரிக்க மரபினர். தம் தந்தையார் 1944 ஆகஸ்டு மாதத்தில், இக்கரையை விடுவிக்க வந்த நேச நாட்டுப் படைகளோடு இறங்கியவர் என்று கூறினார். அப்படையில் ஆப்பிரிக்க வீரர் பெருந்தொகையினர். ஆயினும் அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே அவர்களுள் பல்லாயிரம் பேரை விலக்கி, அவர்களிடத்தில் பிரெஞ்சு இளைஞரைச் சேர்த்தனர் என்பதை நூல்களில் படித்திருந்தேன். முதியவர் அதனைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து என்னை நோக்கி, "நீங்கள் இந்தியர் அல்லவா? உங்கள் நாட்டு வீரரின் கல்லறைகள் மார்சேல்ஸிலேயே இருக்கின்றனவே. மஸார்க் சென்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

நான் நாணினேன். ஓராண்டுக் காலமாக மார்சேல்ஸுக்கு அருகில் வாழ்ந்தவன். மஸார்க் என்னும் பெயரைப் பேருந்தின் நெற்றியில் பலமுறை கண்டவன். அங்கே என் நாட்டவர் உறங்குகின்றனர் என்பது எனக்குத் தெரியாது. "இல்லை, பெரியவரே" என்றேன். "போய்ப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அன்று மாலை நீஸ் நகரை அடைந்தேன். கடலோரமாகப் பல கிலோமீட்டர் நீளும் உலாச் சாலை அந்நகரின் அணிகலன். அதன் பெயர் 'ஆங்கிலேயர் உலாச் சாலை'. 1820-களில், ஒரு கடுங்குளிர்காலத்துக்குப் பின் வேலையும் உணவும் இன்றி மக்கள் நகரில் வந்து குவிந்தனர். குளிர்காலத்தைக் கழிக்க அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர், லூயிஸ் வே என்னும் பாதிரியாரின் முயற்சியால் பணம் திரட்டி, அவ்வேழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரத்தில் ஒரு நடைபாதை போடச் செய்தனர். நற்செயலே, ஐயமில்லை. ஆனால் பாதை பெற்ற பெயர் பணம் கொடுத்தவருடையது, கல் சுமந்தவருடையதன்று. அதே சாலையில் 2016 ஜூலை 14 அன்று, தேசிய விழாக் கூட்டத்தின் மீது ஒருவன் லாரியை ஓட்டிக் கொலை புரிந்ததில் 86 பேர் மாண்டனர். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் தாங்கிய நினைவுச் சின்னம் ஒன்று இன்று அங்கே உள்ளது. வெற்றி பெற்றவனையோ பணம் தந்தவனையோ அன்றி, உயிரிழந்த எளிய மக்களைப் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கம் நம் காலத்தில் வலுப்பெற்றிருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

நீஸ் நகரமே தேச எல்லைகள் எவ்வளவு புதியவை என்பதைக் கற்பிக்கும் ஒரு பாடசாலை. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி 1807-இல் பிறந்த ஊர் இது. இத்தாலியை ஒன்றுபடுத்தப் போராடிய அவருடைய சொந்த ஊரையே, 1860-இல் சார்தீனிய அரசு பிரான்சுக்குக் கொடுத்துவிட்டது. ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரான்சு செய்த உதவிக்கு அது கைம்மாறு. கரிபால்டி தூரின் நகரப் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்துப் பேசினார். பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு நடைபெற்றது. பிரான்சோடு சேர இசைந்தவர் 25,743. மறுத்தவர் 160 என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. கணக்கைக் கண்டவுடன், மக்கள் ஒருமனப்பட்டு இசைந்தனர் என்று நாம் முடிவுகட்டிவிடலாம். ஆனால் மன்னன் முன்பே கையொப்பமிட்டுவிட்ட உடன்படிக்கையின் மீது நடந்த வாக்கெடுப்பு அது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1871 பிப்ரவரியில், இத்தாலியின் பக்கம் சாய்ந்தவர்கள் நீஸ் தெருக்களில் கிளர்ச்சி செய்தனர் என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்த 160-க்குப் பின்னே சொல்லப்படாத குரல்கள் பல இருந்தன என்று கருத இடமுண்டு. புள்ளிவிவரமும் ஒருவகைக் கல்வெட்டே. அதனையும் வெட்டியவர் யார் என்று கேட்டே படிக்க வேண்டும்.

இரவை மாணவர் விடுதி ஒன்றில் கழித்து, ஞாயிறு காலையில் மொனாக்கோ சென்றேன். மாளிகைகளையும் உல்லாசப் படகுகளையும் விட்டு விலகி, மலைமேல் ஏறும் பாதையைப் பிடித்தேன். வெயில் கடுமையாக இருந்தது. ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் லா துர்பி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூருக்கு வந்தவன், தலைக்கு மேலே வெண்கல் தூண்கள் வானத்தை முட்டி நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். அகஸ்தஸின் வெற்றிச் சின்னம் அது.

ஆல்ப்ஸ் மலைகளில் வாழ்ந்த குலங்கள் இத்தாலிக்கும் காலியாவுக்கும் இடையே இருந்த வழிகளைத் தம் கையில் வைத்திருந்தன. அகஸ்தஸின் படைகள் அவற்றை ஒவ்வொன்றாக அடக்கின. அவ்வெற்றியை நினைவூட்ட, உரோம மூதவையும் உரோம மக்களும் எழுப்பியதாகச் சொல்லும் இச்சின்னம் தொடக்கத்தில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் இருந்தது. இன்று 35 மீட்டர் நிற்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில் பெரிய கல்வெட்டு ஒன்று உண்டு. அகஸ்தஸ் பதினேழாவது முறை மக்கள் காவலர் அதிகாரம் பெற்றிருந்த காலம் என்று அது குறிப்பதனாலேயே, கி.மு. 7 அல்லது 6-ஆம் ஆண்டு என்று அதன் காலத்தை அறிஞர் துணிகின்றனர். கல்வெட்டின் இருபுறமும் சங்கிலியால் பிணித்த கைதிகளின் உருவங்கள். நடுவே, தோற்ற குலங்களின் பெயர்கள் வரிசையாக: திரும்பிலினி, கமுன்னி, வெனோஸ்தெஸ் என்று தொடங்கி 45 பெயர்கள்.

இக்கல்வெட்டு இன்று முழுமையாக நிற்பதே ஒரு வியப்பான கதை. இடைக்காலத்தில் இச்சின்னம் கோட்டையாக மாற்றப்பட்டது. 1705-இல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் ஆணையால் அக்கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிறகு அந்தக் கற்களை எடுத்தே ஊரார் தம் மாதா கோயிலைக் கட்டினர். 1905-இல் அகழ்வு தொடங்கியது. எட்வர்ட் டக் என்னும் அமெரிக்கச் செல்வர் பொருளுதவி செய்ய, ஜூல் போர்மிஜே என்னும் கட்டடக்கலைஞர் 1930-களின் தொடக்கத்தில் சின்னத்தை மீண்டும் நிறுத்தினார். சிறு சிறு துண்டுகளாகச் சிதறிய எழுத்துகளை எந்த வரிசையில் சேர்ப்பது? முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், தம் இயற்கை வரலாற்று நூலில் அக்கல்வெட்டின் வாசகத்தைப் படியெடுத்து வைத்திருந்தார். கல் உடைந்தது, ஓலை காத்தது போல ஒரு நூல் அதனைக் காத்தது.

கல்வெட்டின் எதிரே ஒரு மரநிழலில் அமர்ந்து ரொட்டியைத் தின்றவாறே அப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மக்களை இழிவுபடுத்தவே அப்பெயர்கள் வெட்டப்பட்டன. 'இவர்களை வென்றேன்' என்று பறைசாற்றுவதற்கு, 'இவர்கள் இருந்தனர்' என்று முதலில் சொல்லியாக வேண்டியிருந்தது. இன்று அக்குலங்களுள் பலவற்றுக்கு அந்தக் கல்லே தலைமையான சாட்சி. பிளினி மேலும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: எதிர்த்துப் போரிடாத கொத்தியக் குடிகளின் பெயர்கள் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை என்கிறார். பணிந்தவர் பெயர் விடப்பட்டது. எதிர்த்து வீழ்ந்தவர் பெயர் கல்லில் ஏறியது! வெட்டச் சொன்னவன் எண்ணியும் பார்த்திராத பயன் இது.

பட்டியலில் இரண்டாவதாக வரும் கமுன்னி என்னும் பெயரை இன்னும் சற்று நோக்குங்கள். அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு வட இத்தாலியில் இன்றும் அப்பெயரின் திரிபான 'கமோனிக்கா' என்றே வழங்குகிறது. அங்குள்ள பாறைகளில் வேட்டை, உழவு, போர், வழிபாடு ஆகியவற்றைக் காட்டும் உருவங்கள் இலட்சத்துக்கும் மேற்பட்டவை செதுக்கப்பட்டிருக்கின்றன. 1979-இல் அவை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. லா துர்பியில் அம்மக்கள் பகைவனின் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. தம் பள்ளத்தாக்கிலோ, தம் கையாலேயே தம் வாழ்வை எழுதிவைத்திருக்கின்றனர். ஒரு கல்லை மட்டும் படித்தவன் அவர்களைத் தோற்றவர்களாக மட்டுமே அறிவான். இரண்டையும் படித்தவனுக்கு அவர்கள் மனிதர்களாகத் தெரிவர்.

அந்த மலைமேல் இருந்தபோதுதான், முந்திய நாள் முதியவர் கேட்ட கேள்வி மீண்டும் என்னைப் பற்றிக்கொண்டது. கீழே கிழக்கில் இத்தாலியக் கரை விரிந்து கிடந்தது. மந்தோன் நகரத்து எலுமிச்சைத் தோட்டங்களைக் காணவேண்டும் என்பது என் திட்டம். அதனை விடுத்து, மலையிறங்கி, மேற்கு நோக்கிச் செல்லும் ரயிலைப் பிடித்தேன்.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலை வேளையில் மார்சேல்ஸின் தென்பகுதியில் உள்ள மஸார்க் போர்க் கல்லறைத் தோட்டத்தை அடைந்தேன். வெட்டிச் சீராக்கிய புல்வெளி; வரிசை வரிசையாக வெண்கற்கள்; ஓசை இல்லை. முதல் உலகப் போரில் இறந்த 1,487 பேர் அங்கே நினைக்கப்படுகின்றனர். இந்தியர் துயிலும் இடத்தை அடைந்ததும் நின்றேன். நம் நாட்டுப் பெயர்கள்! பிறந்த ஊருக்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஆங்கில எழுத்தில். தோட்டத்தின் பின்பக்கத்தில், தகனம் செய்யப்பட்ட 205 இந்தியருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1925 ஜூலையில், இந்தியப் படையோடு நெடுநாள் தொடர்புடைய பீல்டு மார்ஷல் பேர்ட்வுட் அதனைத் திறந்துவைத்தார்.

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் வந்து இறங்கிய துறைமுகம் மார்சேல்ஸ். நான் முந்திய நாள் காலையில் கிரேக்க மாலுமிகளின் தகட்டின் மீது நின்று படம் எடுத்துக்கொண்டேனே, அதே நகரம். லாகூர், மீரட் ஆகிய பெயர்களைக் கொண்ட படைப்பிரிவுகள் இங்கே இறங்கி வடக்கே சென்று, அக்டோபரிலேயே போர்க்களம் புகுந்தன. ஐரோப்பியக் குளிருக்கு ஏற்ற உடைகூட அப்போது அவர்களுக்குப் போதிய அளவில் இல்லை. போர்க்காலம் முழுவதிலும் போர்வீரரும் தொழிலாளருமாகப் பிரான்சுக்கு வந்த இந்தியர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்கள் போரிட்டது தம் நாட்டின் விடுதலைக்காக அன்று. தம்மை ஆண்டவர்களின் பேரரசுக்காக. அவர்களுள் வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர் உண்டு; குலப்பெருமைக்காக வந்தவர் உண்டு; ஊர்த் தலைவரின் வற்புறுத்தலால் வந்தவரும் உண்டு.

அவர்கள் என்ன எண்ணினர்? இதற்கும் விடை ஒரு வியப்பான வழியிலேயே கிடைத்திருக்கிறது. பிரான்சிலிருந்து இந்திய வீரர் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, அவற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் அறிக்கைகளில் சேர்த்தனர். வீரரின் மனத்தில் கசப்பு வளர்கிறதா என்று உளவறிவதே அதன் நோக்கம். கடிதங்களின் மூலங்கள் பெரும்பாலும் மறைந்தன. தணிக்கை அறிக்கைகள் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. வயலையும் மனைவியையும் மாட்டையும் நினைத்து அவர்கள் ஏங்கிய ஏக்கத்தை, அவர்களை நம்பாதவர்களின் கோப்பிலிருந்தே நாம் இன்று படிக்கிறோம். லா துர்பியின் கல்வெட்டுக்கும் இந்தக் கோப்புக்கும் இடையே 1,900 ஆண்டுகள். இரண்டும் செய்த வேலை ஒன்றே.

போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறிப்பது நம் முன்னோர் மரபு. மஸார்க் தோட்டத்துக் கல்லில் பெயர் உண்டு, செயல் இல்லை. யார் மகன், எந்த ஊரில் எந்த மரத்தடியில் விளையாடியவன், ஏன் கப்பல் ஏறினான் என்பவை கல்லில் இல்லை. அவற்றைத் தேடிச் சேர்ப்பது உயிரோடு இருப்பவர்களின் கடமை. 2025 பிப்ரவரியில் இந்தியப் பிரதமரும் பிரான்சின் குடியரசுத் தலைவரும் இத்தோட்டத்துக்கு வந்து மலர் வைத்து வணங்கினர். பெருமைக்குரியதே. ஆயினும் அந்த வணக்கத்தோடு கடமை தீர்ந்துவிடாது; பெயர்களுக்குப் பின்னே உள்ள வாழ்வை ஆராய்ந்து அறியும் மாணவர்கள் வேண்டும்.

கடைசிப் பேருந்தில் எக்ஸ் நகருக்குத் திரும்பினேன். ஒரு கல்லின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்று அன்றிரவு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதனை நட்டவர் யார்? நட்டது எப்போது, எதற்காக? இதில் பெயர் இல்லாதவர் யார்? மூன்றாவது கேள்விக்குக் கல் விடை சொல்லாது. வேறு கல்லையோ, நூலையோ, கோப்பையோ, முதியவர் ஒருவரின் நினைவையோ தேடிச் சென்றால்தான் விடை கிடைக்கும்.

நண்பர்களே, இக்கேள்விகளைக் கேட்க நீங்கள் மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், பழைய பொதுக் கட்டடத்தின் சுவரிலோ பள்ளியின் வாயிலிலோ, ஒரு சிறு கல் பதிக்கப்பட்டிருக்கும். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் அதில் எழுதியிருக்கும். எண்ணிக்கை இருக்கும், பெயர் ஒன்றும் இராது. உங்கள் ஊரிலோ அண்டை ஊரிலோ அத்தகைய கல் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே செல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரின் மூத்தவர்களிடம் சென்று, அவர்கள் யார் யார் என்று கேளுங்கள். இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால், கேட்டாலும் சொல்வதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.